குழந்தைக்கு ட்ரை பண்றோம், எந்த டெஸ்ட் எடுக்கணும், எந்த ட்ரீட்மென்ட் போகணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கருத்தரிப்பு மையத்துல டாக்டர் ரூமுக்கு வெளிய உக்காந்து, உள்ள போயிட்டு வந்தவங்களுக்கு ஃபைல விரிச்சு வெச்சு விளக்குறதுதான் ரொம்ப நாளா என் வேலை. நான் டாக்டர் இல்ல. உள்ள எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வெளிய வந்து "மேடம், அவங்க சொன்னது ஒண்ணுமே புரியலயே"ன்னு கேக்குறாங்க பாருங்க, அந்தக் கேள்விங்கதான் இது. திரும்பத் திரும்ப அதே கேள்வி வர்றதால எழுதி வெச்சுட்டேன்.

எவ்வளவு நாள் ட்ரை பண்ணிட்டு டாக்டர்கிட்ட போகணும்? ஆறு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள எல்லாரும் கேக்குறாங்க.

பொண்ணுக்கு 35க்கு கீழன்னா ஒரு வருஷம், 35 தாண்டியாச்சுன்னா ஆறு மாசம், 40ன்னா காத்திருக்க வேண்டாம், உடனே ஒரு தடவை பேசிடுங்க. ஒரு வருஷம்னு ஏன் வெச்சிருக்காங்கன்னா, தடுப்பு எதுவும் இல்லாம சேர்ந்து இருக்குற 100 ஜோடில 80க்கு மேல அந்த ஒரு வருஷத்துக்குள்ள தானா கர்ப்பம் நின்னுடும்.

ஆனா பீரியட்ஸ் 35 நாளைக்கு மேல தள்ளித் தள்ளி வருது, இல்ல வலில சுருண்டு படுக்குற அளவுக்கு இருக்கு, இல்ல முன்னாடி ட்யூப்ல (முட்டை கர்ப்பப்பைக்கு வர்ற குழாய்) கர்ப்பம் நின்னிருக்கு, கேன்சர் ட்ரீட்மென்ட் எடுத்திருக்கீங்க, அவருக்கு சின்ன வயசுல விதைப்பைல ஆபரேஷன் நடந்திருக்கு, இப்படி ஏதாவது இருந்தா இந்த ஒரு வருஷக் கணக்கு உங்களுக்கு இல்ல.

ஆப்ல 14வது நாள்னு காட்டுது, அன்னிக்கு மட்டும் சேர்ந்தா போதுமா?

போதாது. 14ங்கிறது 28 நாள் சுழற்சிக்கு. முட்டை வெளிய வர்றது அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னாடி, அதனால 35 நாள் சுழற்சின்னா 21வது நாள் பக்கம் வரும். வெளிய வந்த முட்டை 12லிருந்து 24 மணி நேரம்தான் இருக்கும், ஆனா விந்தணு உள்ள அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், அதனால முன்னாடியே போய் காத்திருக்கிறதுதான் நல்லது. முட்டை வர்ற நாளோட சேர்த்து அதுக்கு முந்தின அஞ்சு நாளுக்குள்ள ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தா போதும். இத டைம்டேபிள் மாதிரி போட்டு ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு இருக்குறத நிறைய பாத்திருக்கேன். அப்படி ஆகுதுன்னா ஆப்ப தூக்கிப் போட்டுட்டு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு வெச்சுக்கோங்க, அதுவே கணக்குக்கு வந்துடும்.

முதல் டெஸ்ட் யாருக்கு? எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க.

ரெண்டு பேருக்கும், ஒரே வாரத்துல. குழந்தை நிக்காத ஜோடிகள்ல ஏறக்குறைய பாதி பேர்கிட்ட ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கு, தனியாவோ ரெண்டும் சேர்ந்தோ. விந்து பரிசோதனைல ஊசி இல்ல, வலி இல்ல, மயக்கம் இல்ல. அத விட்டுட்டு அந்தப் பொண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், ட்யூப் டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி (வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாக்குறது) வரைக்கும் போயிட்டு கடைசில அவருக்குப் பாத்தா விந்தணு கவுண்ட் இல்லங்கிற கேஸ் இன்னமும் வருது, அத பாக்குறப்ப எனக்கு கோவம்தான் வரும்.

எந்த டெஸ்ட் எழுதினாலும் ஒரு கேள்வி கேளுங்க: "இதோட ரிசல்ட் வந்தா நம்ம அடுத்த ஸ்டெப் மாறுமா?" மாறும்னா எடுங்க. எப்படி வந்தாலும் அதே ட்ரீட்மென்ட்தான்னா அந்த டெஸ்ட் இப்ப எதுக்கு? கீழ எல்லா பதில்லயும் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

என் வீட்டுக்காரர் டெஸ்டுக்கே வர மாட்டேங்கிறாரு.

பாதி பேருக்கு பயம் ரிசல்ட்ட பத்தி இல்ல, அந்த ரூம பத்தி. வெளிய ஆள் நடமாட்டம், கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் பேசுற சத்தம், கைல பேர் எழுதின டப்பா. லேப் ஒத்துக்கிட்டா வீட்டுலயே எடுத்துட்டு வரலாம்னு சொல்லிப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு வந்துடணும், உடம்பு சூட்டுலயே இருக்கணும், சட்டை உள்பாக்கெட்ல டப்பாவ வெச்சு மேல கைய அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வர்றவங்கள நான் தினமும் பாக்குறேன், நாங்க யாரும் அத பாத்து சிரிக்கிறதில்ல.

2லிருந்து 7 நாள் இடைவெளி விட்டு எடுக்கணும். சாதாரண காண்டம்ல எடுக்கக் கூடாது, சோப்பு, எண்ணெய் எதுவும் படக் கூடாது. முதல்ல வர்ற பகுதிலதான் அணுக்கள் அதிகம், அது டப்பாவுக்கு வெளிய சிந்திட்டா வெக்கப்படாம லேப்ல சொல்லிடணும், இல்லாட்டி கவுண்ட் கம்மின்னு ரிப்போர்ட் வந்து அநாவசியமா அல்லாட வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட்ல நார்மல் வடிவம் 4%ன்னு இருக்கு. அப்ப மீதி 96% கெட்டுப்போனதா?

அந்த 4% நார்மல்தான். உலக சுகாதார நிறுவனம் 2021ல கொடுத்த கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லில 1.6 கோடி அணு, மொத்த அசைவு 42%, நார்மல் வடிவம் 4%. ஒரு வருஷத்துக்குள்ள மனைவிக்கு குழந்தை நின்ன ஆண்கள்கிட்ட எடுத்து, அதுல கடைசி 5% பேர் இருக்குற இடத்துல கோடு போட்டிருக்காங்க. அதாவது கோட்டுக்கு கீழ இருந்தும் அப்பா ஆனவங்க உண்டு, மேல இருந்தும் ஆகாதவங்க உண்டு.

ஒரு ரிப்போர்ட்ட வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. அணு உருவாக ரெண்டரை மாசம் கிட்ட ஆகும், நடுவுல நல்ல காய்ச்சல் வந்திருந்தா கூட கவுண்ட் இறங்கும், அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்பாங்க. ஜிம்முக்கு போறவரா இருந்தா ஒண்ணு கேட்டே ஆகணும், டெஸ்டோஸ்டீரான் ஊசி ஏதாவது போடுறாரான்னு. ஆண்மைக்கு நல்லதுன்னு நினைச்சு போடுவாங்க, அது மூளைலேர்ந்து விதைப்பைக்கு வர்ற சிக்னல நிறுத்தி அணு உற்பத்தியவே படுக்க வெச்சுடும். நிறுத்தினா பெரும்பாலும் திரும்ப வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும்.

ஜீரோன்னு வந்திருக்கு. இனிமே வேற ஆளோட அணுதான் வழியா?

அவசரப்படாதீங்க. முதல்ல இன்னொரு சாம்பிள் எடுத்து, அத மெஷின்ல வேகமா சுத்த விட்டு அடில தங்குறத பாப்பாங்க. அப்பவும் இல்லன்னா அடைப்பா, உற்பத்தியே இல்லையாங்கிறதுதான் கேள்வி, அதுக்கு உடல் பரிசோதனை, எஃப்எஸ்ஹெச் (மூளைலேர்ந்து வர்ற ஹார்மோன்), டெஸ்டோஸ்டீரான், தேவைப்பட்டா குரோமோசோம் டெஸ்ட். அடைப்புன்னா விதைப்பைலேர்ந்து ஊசி மூலமா அணு எடுத்துடலாம், பெரும்பாலும் கிடைச்சிடும். உற்பத்தி கம்மின்னா மைக்ரோஸ்கோப் வெச்சு தேடி எடுக்குற ஆபரேஷன் இருக்கு, அதுல கிடைக்கிறவங்களும் உண்டு, கிடைக்காதவங்களும் உண்டு. எடுத்த ஒரே ஒரு அணுவ முட்டைக்குள்ள ஊசியால வைக்கிறதுதான் இக்ஸி, 1992லேர்ந்து இருக்கு. இத பாக்க ஆண்களுக்கான சிறப்பு டாக்டர் வேணும், மகப்பேறு டாக்டர மட்டும் வெச்சு ஓட்டாதீங்க.

எனக்கு ஆரம்பத்துல என்ன டெஸ்ட் எழுதுவாங்க?

மூணு விஷயம் தெரியணும்: முட்டை வருதா, ட்யூப் திறந்திருக்கா, கர்ப்பப்பை சரியா இருக்கா. ஸ்கேன், தைராய்டு, பீரியட்ஸ் ஒழுங்கா இல்லன்னா ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்), முட்டை கையிருப்பு பாக்க ஏஎம்ஹெச். ப்ரோஜெஸ்டிரான 21வது நாள் எடுங்கன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுறாங்க, அது 28 நாள்காரங்களுக்குத்தான். மேல சொன்ன 35 நாள் சுழற்சின்னா 28வது நாள் பக்கம் எடுக்கணும், இல்லாட்டி முட்டை வந்தும் வரலன்னு காட்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் ஆரம்பிச்சிடுங்க, இதுக்கு எந்த ரிசல்ட்டும் வர வேண்டியதில்ல.

ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு போட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?

பிசிஓஎஸ்ல (முட்டை ஒழுங்கா வராத ஹார்மோன் கோளாறு) தெரியுறது பெரும்பாலும் நிஜக் கட்டியே இல்ல, பாதி வளர்ந்து நின்னுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். எடுக்குற விஷயம் இல்ல அது. பீரியட்ஸ் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அதிகம், ஸ்கேன் தோற்றம், இந்த மூணுல ரெண்டு இருந்தாத்தான் பிசிஓஎஸ்னு சொல்லணும், ஸ்கேன் மட்டும் பத்தாது. எடை அதிகமா இருந்தா அதுல 5% குறைஞ்சாலே சிலருக்கு பீரியட்ஸ் வழிக்கு வந்துடும், இல்லன்னா மாத்திரை, அது கீழ வருது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி சதை வெளிய வளர்றது) கட்டி வேற, அது வேற கதை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஏஎம்ஹெச் 0.8. நெட்ல படிச்சுட்டு ராத்திரி முழுக்க அழுதேன்.

அது முட்டை எண்ணிக்கைய பத்தின குத்துமதிப்பு, அவ்வளவுதான். முட்டையோட தரத்த அது சொல்லாது, தரத்த பெரும்பாலும் வயசுதான் முடிவு பண்ணுது. 30லேர்ந்து 44 வயசுக்குள்ள, குழந்தையின்மைன்னு முன்னாடி பிரச்சனை எதுவும் இல்லாத பெண்கள வெச்சு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல ஏஎம்ஹெச் கம்மியா இருந்தவங்களும் மத்தவங்க அளவுக்கே இயற்கையா கர்ப்பமானாங்க. மாசத்துக்கு ஒரு முட்டைதானே வேணும்.

இது எங்க உதவும்னா, ஐவிஎஃப் (முட்டைய வெளிய எடுத்து லேப்ல கருவாக்கி திரும்ப உள்ள வைக்கிறது) போனா ஊசிக்கு எத்தனை முட்டை வரும், டோஸ் எவ்வளவுன்னு கணக்குப் போட. கம்மியா இருந்தா ரொம்ப வருஷம் தள்ளிப் போடாதீங்கங்கிற அளவுக்கு ஒரு எச்சரிக்கை. கருத்தடை மாத்திரை சாப்பிடுறப்ப எடுத்தா குறைச்சுக் காட்டும், அதையும் பாத்துக்கோங்க.

ட்யூப் டெஸ்ட் ரொம்ப வலிக்குமாமே? நேரா லேப்ராஸ்கோப்பி பண்ணிட்டா என்ன?

ஹெச்எஸ்ஜிங்கிறது பீரியட்ஸ் முடிஞ்சு முட்டை வர்றதுக்கு முன்னாடி எடுக்குறது. கர்ப்பப்பைக்குள்ள மருந்து ஏத்தி எக்ஸ்ரேல பாப்பாங்க. மருந்து உள்ள போற அந்த சில நிமிஷம் பீரியட்ஸ் வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும், சிலருக்கு லேசா, சிலருக்கு நல்லாவே. ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமான்னு கேளுங்க, கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. அயோடின் அலர்ஜி இருந்தா, தைராய்டு இருந்தா முன்னாடியே சொல்லிடணும். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கர்ப்பப்பைய ஒட்டின இடத்துல அடைப்புன்னு வந்தா அது சில நேரம் தசை இறுக்கம்தான், நிஜ அடைப்பு இல்ல. இன்னொன்னு, நெதர்லாந்துல 2017ல வெளியான ஆராய்ச்சில, எண்ணெய் கலந்த மருந்து வெச்சு எடுத்தவங்கள்ல 100க்கு 40 பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள கர்ப்பம் நிலைச்சுது, தண்ணி கலந்த மருந்துல 29 பேருக்கு. டெஸ்டே கொஞ்சம் ட்ரீட்மென்டா வேலை செஞ்சிருக்கு.

லேப்ராஸ்கோப்பி எல்லாருக்கும் இல்ல, அது மயக்க மருந்து கொடுத்து பண்ற ஆபரேஷன். கடுமையான பீரியட்ஸ் வலி, ஸ்கேன்ல எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், ட்யூப்ல தண்ணி கோத்திருக்குன்னா அர்த்தம் இருக்கு. தண்ணி கோத்த ட்யூப அப்படியே விட்டுட்டு ஐவிஎஃப் போனா வாய்ப்பு கிட்டத்தட்ட பாதியா குறையும், அதனால முதல்ல அத எடுக்கவோ கட்டவோ சொல்லுவாங்க. அதே சமயம் கவுண்ட் ரொம்ப கம்மி, எப்படியும் இக்ஸிதான்னு முடிவாகியிருந்தா, ட்யூப் திறந்திருக்கான்னு மட்டும் பாக்க இந்த ஆபரேஷன் எதுக்குன்னு கேளுங்க.

எல்லா டெஸ்டும் நார்மல். அப்ப ஏன் நிக்கல?

100 ஜோடில 15லேர்ந்து 30 ஜோடிக்கு இந்த பதில்தான் கிடைக்குது. ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல, இருக்குற டெஸ்டுக்கு தெரியலன்னு அர்த்தம். வயசு கம்மி, ட்ரை பண்ணி ரெண்டு வருஷம் ஆகலன்னா இன்னும் கொஞ்ச நாள் சும்மா ட்ரை பண்றதும் ஒரு நிஜமான வழிதான், அதுலயும் நிறைய பேருக்கு நிக்குது. 37, 38ன்னா காத்திருக்க சொல்ல மாட்டேன். இந்த கட்டத்துலதான் புதுப்புது டெஸ்டா எழுதிக்கிட்டே போவாங்க, மேல சொன்ன அந்தக் கேள்விய கைல வெச்சுக்கோங்க.

லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தாங்க, அது கேன்சர் மாத்திரையாமே?

ஆமா, மார்பகப் புற்றுநோய்க்கு வருஷக்கணக்கா தினமும் கொடுக்குறது. இங்க அஞ்சு நாள்தான். ஈஸ்ட்ரோஜன கொஞ்சம் இறக்கும், மூளை அத பாத்துட்டு "கம்மியா இருக்கே"ன்னு எஃப்எஸ்ஹெச்ச கூட்டும், முட்டை வளரும். கரு ஒட்டுற நேரத்துக்குள்ள மருந்து பெரும்பாலும் உடம்ப விட்டு போயிருக்கும். பிசிஓஎஸ் உள்ள 750 பெண்கள வெச்சு 2014ல வந்த ஆராய்ச்சில லெட்ரோசோல் எடுத்தவங்கள்ல 27.5% பேருக்கு குழந்தை பிறந்துச்சு, பழைய மாத்திரையான குளோமிஃபீன்ல 19.1%. மாத்திரை எடுக்குறப்ப, முக்கியமா முதல் சுற்றுல, ஸ்கேன்ல ஃபாலிகுலர் ஸ்டடி பண்ணி எத்தனை முட்டை வளருதுன்னு பாக்குறது நல்லது, இரட்டைக் குழந்தை வாய்ப்பு கொஞ்சம் கூடும்ல.

ஐயூஐ எத்தனை தடவை பண்ணலாம்? அத விட்டுட்டு நேரா ஐவிஎஃப் போயிடலாமா?

ஐயூஐன்னா கழுவின விந்தணுவ நேரா கர்ப்பப்பைக்குள்ள விடுறது. ஒரு தடவைக்கு வாய்ப்பு 100க்கு 10லேர்ந்து 15 அளவுதான், 40 தாண்டினா அதுவும் இல்ல. அதனால மூணு, மிஞ்சினா நாலு. அதுக்கு மேல அதையே திரும்பப் பண்றது நாள் போறதுக்குத்தான். ஒரு ட்யூபாவது திறந்திருக்கணும், கழுவின சாம்பிள்ல ஓடுற அணு 50 லட்சத்துக்கு கீழன்னா பலன் ரொம்ப கம்மி.

ரெண்டு ட்யூபும் அடைப்பு, கவுண்ட் ரொம்ப கம்மின்னா நேரா ஐவிஎஃப்தான், ஐயூஐல போற காசும் மாசமும் வீண். வயசு 38 தாண்டியிருந்தாலும் நேரா போறதுல நியாயம் இருக்கு. 28 வயசு, ட்யூப் நல்லா இருக்கு, முட்டை மட்டும் வரலன்னா மாத்திரைய முழுசா ட்ரை பண்ணாம ஐவிஎஃப்ங்கிற பேச்ச எடுத்தா ஏன்னு கேளுங்க, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க, தப்பே இல்ல.

ஐவிஎஃப்ல 15 முட்டை எடுத்தாங்க, கடைசில 3 கருதான்னு சொல்றாங்க. மீதி எங்க போச்சு?

யாரும் எடுத்துக்கல. 15ல முதிர்ந்தது 12 இருக்கும், அதுல கருவாகுறது 8, அதுல அஞ்சாவது நாள் வரைக்கும் வளர்றது 3 இல்ல 4. இது நல்ல ரிசல்ட்தான். இந்தக் கணக்க முட்டை எடுக்குறதுக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா அந்த அஞ்சு நாளும் லேப்லேர்ந்து போன் வர்றப்பல்லாம் வயித்துல புளிய கரைக்காது.

முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பிக்கிட்டே போகுது, எடை தினமும் ஏறுது, மூச்சு வாங்குது, யூரின் கம்மியாகுதுன்னா காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, ராத்திரியானாலும் போன் பண்ணுங்க. முட்டை நிறைய வந்தவங்களுக்கும் பிசிஓஎஸ் உள்ளவங்களுக்கும் இந்த ஆபத்து ஜாஸ்தி, அதனாலதான் சில பேருக்கு எல்லா கருவையும் உறைய வெச்சுட்டு அடுத்த மாசம் வைக்கலாம்ங்கிறாங்க.

எங்க சக்சஸ் ரேட் 70%ன்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. நம்பலாமா?

எதுல 70ன்னு கேளுங்க. ஊசி ஆரம்பிச்சவங்கள்லயா, கரு வெச்சவங்கள்லயா? பாசிடிவ் வந்ததா, குழந்தை கைக்கு வந்ததா? எந்த வயசு, சொந்த முட்டையா, தான முட்டையா? பிரிட்டன்ல எல்லா சென்டர் கணக்கையும் அரசு அமைப்பு வாங்கி வெளியிடுது, அங்க சொந்த முட்டைல ஒரு கரு வெச்சா குழந்தை பிறக்குறது 35 வயசுக்கு கீழ சுமார் மூணுல ஒண்ணு, 43, 44 வயசுல இருபதுல ஒண்ணு. உங்க வயசுக்காரங்க 100 பேர் ஆரம்பிச்சா எத்தனை பேர் குழந்தையோட வீட்டுக்குப் போறாங்கன்னு கேட்டுப் பாருங்க, சுத்தி வளைக்காம பதில் சொல்ற இடத்த நம்பலாம்.

ஒரு தடவை ஃபெயில் ஆயிடுச்சு. அடுத்த தடவை கர்ப்பப்பைல ஸ்க்ராட்ச் பண்ணணும், இன்னும் என்னென்னமோ சேர்க்கணும்ங்கிறாங்க.

ஸ்க்ராட்ச்ங்கிறது கர்ப்பப்பை உள்சவ்வ லேசா கீறி விடுறது. அத பத்தி 2019ல பெருசா ஆராய்ச்சி வந்தாச்சு, 1,364 பெண்கள், பண்ணவங்கள்லயும் பண்ணாதவங்கள்லயும் குழந்தை பிறந்தது ஒரே 26%. ஆண் பக்கம் பிரச்சனை இல்லாதப்ப இக்ஸி பண்ணா குழந்தை வாய்ப்பு கூடுறதில்ல. மத்ததுக்கும் ஒவ்வொண்ணா கேளுங்க: இது பண்ணா குழந்தை பிறக்குறது கூடும்னு காட்டியிருக்கா, என்ன மாதிரி ஆளுக்கா காட்டியிருக்கு? ஃபெயில் ஆன துக்கத்துல எத நீட்டினாலும் கையெழுத்து போடத் தோணும். அன்னிக்கு எதுலயும் கையெழுத்து போடாதீங்க, ஒரு வாரம் கழிச்சு போடுங்க.

கரு வெச்சப்புறம் படுத்தே இருக்கணுமா?

வேணாம். எந்திரிச்சு நடந்தா கரு விழாது, படுக்கைல கிடந்தா வாய்ப்பு கூடுறதும் இல்ல.

ட்ரிகர் ஊசி போட்டு ஆறாவது நாள் வீட்டுல டெஸ்ட் பண்ணேன், ரெண்டு கோடு வந்துச்சு!

முட்டைய முதிர வெச்சு வெளிய வர வைக்கிற அந்த ஊசில இருக்குறதே பெரும்பாலும் ஹெச்சிஜிங்கிற கர்ப்ப ஹார்மோன்தான், டெஸ்ட் தேடுறதும் அதத்தான். உடம்ப விட்டு போக 10லேர்ந்து 14 நாள் ஆகும். டாக்டர் சொன்ன தேதில பீட்டா ரத்த டெஸ்ட் எடுங்க. அது பாசிடிவ்வா வந்தப்புறம் ஒரு பக்கமா கடுமையான வயித்து வலி, தோள்பட்டை வலி, மயக்கம்னு வந்தா ட்யூப்ல நின்னிருக்கலாம், உடனே எமர்ஜென்சிக்கு போங்க.

டென்ஷன் ஆகாம இரு, தானா நிக்கும்ங்கிறாங்களே?

2011ல 14 ஆய்வுகள சேர்த்துப் பாத்தாங்க, 3,500க்கு மேல பெண்கள், ட்ரீட்மென்டுக்கு முன்னாடி மனசு கஷ்டத்துல இருந்ததுக்கும் நின்னதுக்கும் சம்பந்தம் தெரியல. அதனால "நான் அழுததாலதான் போச்சு"ன்னு யாரும் உங்கள சொல்ல விடாதீங்க. தூக்கம் போற அளவுக்கு இருந்தா கவுன்சிலிங் எடுங்க, அது உங்களுக்காக.

எப்ப நிறுத்துறது? மீதி உறைய வெச்ச கருவ என்ன பண்றது?

எத்தனை சுற்று, எவ்வளவு செலவுன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி எழுதி வெச்சுக்கோங்க, நடுவுல முடிவெடுக்க மனசு விடாது. மூணு முழு சுற்று ஆகியும் நல்ல கரு வரலன்னா அதையே நாலாவதா பண்றதுக்கு முன்னாடி என்ன மாத்தப் போறாங்கன்னு கேளுங்க, இங்கயும் மேல சொன்ன கேள்விதான். தான முட்டைன்னு வந்தா அங்க கணக்குல வர்றது முட்டை கொடுக்குறவங்க வயசு, உங்க வயசு இல்ல. சில பேர் தத்தெடுப்பாங்க, சில பேர் ரெண்டு பேரா இருந்துப்பாங்க, வெளிய இருக்குறவங்களுக்கு அதுல சொல்ல ஒண்ணுமில்ல.

உறைஞ்ச கருவுக்கு வழி நாலு: அடுத்த குழந்தைக்கு வெச்சுக்கலாம், வேற ஜோடிக்கு கொடுக்கலாம், ஆராய்ச்சிக்கு கொடுக்கலாம், கலைச்சிடலாம். உங்க நாட்டு சட்டம் எதுக்கு விடுதுன்னு பாத்துக்கோங்க. பிரிஞ்சா என்ன, ஒருத்தர் இறந்தா என்னங்கிற கேள்வியும் ஃபாரத்துல இருக்கும், நிறைய பேர் படிக்காமலே டிக் போட்டுடுறாங்க, அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு பேரும் படிச்சுட்டு கொண்டு வாங்க. வீடு மாத்தினா, நம்பர் மாத்தினா சென்டருக்கு சொல்லிடுங்க, சேமிப்ப புதுப்பிக்கச் சொல்லி வர்ற லெட்டர் பழைய அட்ரஸுக்கு போயிட்டா அப்புறம் அத தேடி அலையணும்.